வெள்ளைச்சாமி அண்ணாச்சியின் சின்னச் சின்ன இங்கிலீஷ்

தி.நகரில் உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், என் பட்டன் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது வெள்ளைச்சாமி அண்ணாச்சியின் மேட்சிங் சென்டர். நாம் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியை எடுத்துத் தருவது அவர் தொழில். நான் பட்டன், ஜிப், லேஸ், சேலைக் கரையில் வைத்துத் தைக்கிற ஃபால்ஸ் எல்லாம் விற்கிறேன். அவர் கடையில் துணி எடுத்த பெண்கள் அப்படியே சந்தைக் கடந்து என் கடைக்கு வருவார்கள். பல வருஷமாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் என் பகல் போகிறது. கட்டின பெண்டாட்டி முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது என்று என் வீட்டில் சொல்லிக் காட்டுவாள்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். நான் ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்த பாலு. அவருக்குப் பொறுமை அதிகம், எனக்கு வாய் அதிகம். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பொறுமை இருக்கிறதே, அதன்மேல் எனக்கு இன்றைக்குவரை தீராத கோபம் உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அவர் துணி எடுத்துக் கொடுக்கிற விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். சேலையைக் கையில் வாங்கியதும் அலமாரியிலிருந்து நாலைந்து துண்டுகளை உருவி, நேரே கடை வாசலுக்கு வருவார். டியூப் லைட்டில் நிறம் சரியாகத் தெரியாது என்பார். வெயில் வெளிச்சத்தில் சேலைக் கரையின்மேல் ஒவ்வொரு துண்டாக வைத்துப் பார்ப்பார். கண்ணைச் சுருக்குவார், விரிப்பார். எங்களுக்கெல்லாம் ஒரே நிறமாகத் தெரிகிற துணியை, "இது சேராதும்மா, ஒரு பொட்டு மஞ்சள் கூடக் கெடக்கு" என்று திருப்பி வைத்துவிடுவார். மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்து, வருகிற ஆள் பாதியாகக் குறைந்திருந்த நாட்களிலும் அப்படித்தான். வாங்கத் தயாராக நிற்கிற ஆளிடம், "வேற கடையில பாருங்க, எங்கிட்ட சரியான நெறம் இல்ல" என்று சொல்லி அனுப்புவார். நான் எதிரே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வேன். கிட்டத்தட்ட என்ற ஒரு வார்த்தையே அந்த மனுஷனிடம் கிடையாது.

இது துணிக்கு. வாய்க்கு அப்படியில்லை. வாயைத் திறந்தால் அவர் மாதிரி துணிச்சல்காரரை இந்தத் தி.நகரில் பார்க்க முடியாது. தெலுங்குக்கார அம்மாள் வந்தால் "ஏம் காவாலம்மா" என்பார். கேரளத்துப் பெண் வந்தால் "வரணும் சேச்சி, இரிக்கணும்". வடக்கத்திக்காரர்களுக்கு "ஆவோ பெஹன்ஜி, சப் கலர் ஹை, நை ஹைனா நை ஹை". இவர்களில் யாருமில்லாத ஆள் வந்தால் இங்கிலீஷ். "மேடம், கம் கம். திஸ் கலர், யுவர் கலர், சேம் கலர். வாஷிங், நோ ப்ராப்ளம். சாயம் நோ கோயிங்!" ஒன்றிலும் முழுசாக நாலு வாக்கியம் தெரியாது. ஆனால் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள், அடுத்த தடவை தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அப்போதெல்லாம் ஒரு நாளும் அவர் வெட்கப்பட்டதை நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகன் ஹரி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு பெங்களூரில் வேலை பார்த்தான். அங்கே கூட வேலை பார்த்த இந்தூர்ப் பெண் சிம்ராவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அண்ணாச்சியும் அவர் மனைவி பேச்சியம்மாளும் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் சம்மதித்துவிட்டார்கள். இந்தூரில் கல்யாணம், இங்கே ரிசப்ஷன். ஹரி மெட்ராஸுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தான். கோட்டூர்புரத்தில் பெரிய நூலகத்துக்குப் பின்பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கி எல்லோரும் ஒன்றாகக் குடிபோனார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அந்தப் பெண் அண்ணாச்சியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "அப்பா" என்று கூப்பிட்டு, இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். அண்ணாச்சிக்கு மனசு நிறைந்து போயிற்று. தமிழில் மடமடவென்று பேசினார். "நீ எங்க வீட்டுக்கு வந்தது நாங்க செஞ்ச புண்ணியம்மா. பெத்தவுகள விட்டுட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்க. இது உன் வீடு. எது வேணும்னாலும் கூச்சப்படாம எங்கிட்ட கேளு. நான் இருக்கேன்." பேசிவிட்டு மகனைப் பார்த்தார், சொல்லு என்பதுபோல.

ஹரி, "ஹி சேய்ஸ் வெல்கம்" என்றான்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாக என்னிடம் வந்து இதைத்தான் சொன்னார். "அஞ்சு மீட்டர் குடுத்தேன்வே. அவன் கால் மீட்டர் வெட்டிக் குடுத்துட்டான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இனிமே இவன நம்பப்பிடாது. என் மருமவகிட்ட நானே பேசணும்" என்றார்.

"பேசு அண்ணாச்சி. உன்ன யாரு வேணான்னது? கடையில பேசிக்கினுதானே கீற?"

"கடையில பேசுறது யாவாரம்வே. மருமவகிட்ட போயி கம் கம், நோ கோயிங்னா பேசச் சொல்லுதீரு? அவ படிச்ச பிள்ள. நம்ம வீட்டுக்கு வாழ வந்தவ. அவளுக்குன்னு ஒரு மரியாத வேண்டாமா? ஒழுங்காப் படிச்சிக்கிட்டு ஒழுங்காப் பேசுதேன்."

எனக்கு அப்போது அது பெருமையாகக்கூட இருந்தது. அறுபதை நெருங்குகிற ஒரு மனுஷன், மருமகளோடு பேசுவதற்காக இங்கிலீஷ் படிக்கப் போகிறேன் என்கிறான். எத்தனை வீட்டில் நடக்கும்?

லஸ்ஸில் பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த அகராதி வாங்கினார். காலையில் எட்டு மணிக்கு நூலகம் திறந்ததும் உள்ளே போய் உட்கார்ந்து, கடைக்குக் கிளம்புகிறவரைக்கும் படித்தார். பெரிய வார்த்தைகளைக் கண்டால் அவருக்குப் பயம். அதனால் சின்ன வார்த்தைகளில் ஆரம்பித்தார். அரிச்சுவடி படிக்கிற மாதிரி சின்னதிலிருந்து பெரிசுக்குப் போகலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குதான் ஆளைக் கவிழ்த்தது.

டீக்கடையில் வைத்து என்னைக் கேட்பார். நான் பத்தாவது ஃபெயில். ஆனாலும் அவர் பார்வையில் நான் மெட்ராஸ்காரன், அதனால் இங்கிலீஷ் தெரிந்தவன்.

"பாலு, கெட்டுன்னா என்னவே?"

"வாங்கிக்கினு வரது."

"அப்ப கெட் அப்பு?"

"எந்திரி."

"கெட் அவுட்டு?"

"வெளிய போ."

"கெட் லாஸ்ட்டு?"

"அதுவும் வெளிய போதான். இன்னும் கொஞ்சம் கோவமா."

"ஐ காட் இட்டுன்னு ஹரி போன்ல சொல்லுதானே?"

"புரிஞ்சிடுச்சின்னு அர்த்தம்."

"கெட்டிங் ஓல்டுன்னு போட்டிருக்கானே?"

"அது நீதான் அண்ணாச்சி."

டீ மாஸ்டர்கூடச் சிரித்துவிட்டார். அண்ணாச்சி மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தார். "அம்ப்ரெல்லான்னா குடை. அது பாட்டுக்கு ஒழுங்கா இருக்கு. எலிஃபண்டுன்னா யானை, வேற பேச்சே இல்ல. பெரிய வார்த்தையெல்லாம் சொன்ன எடத்துல நிக்கி. இந்தப் பொடிசுகதான்வே ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கு."

ரன் என்ற வார்த்தையைப் பார்த்த அன்று அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. ஓடு என்று ஒரு வரியில் முடிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். புரட்டப் புரட்டப் பக்கம் போய்க்கொண்டே இருந்ததாம். பஸ் ஓடுவதும் ரன், கடை நடத்துவதும் ரன், மூக்கு ஒழுகுவதும் ரன், தேர்தலில் நிற்பதும் ரன். "நிக்கிறதுக்குமா ஓடுறதுன்னு சொல்லுவான்?" என்று கேட்டார். துணியில் சாயம் போவதுகூட ரன்தான் என்று படித்துவிட்டு, இத்தனை வருஷமாக மேடம்களிடம் சாயம் நோ கோயிங் என்று சொன்னதையெல்லாம் நினைத்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூசிப்போனார். அதற்கு முந்தின வாரம் சிம்ரா சோபாவில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டே, "ஐ ஆம் ரன்னிங் லேட்" என்று போனில் யாரிடமோ சொன்னாளாம். "உக்காந்துக்கிட்டே ஓடுதாவே. நான் என்னைக்கு இதைப் படிச்சு முடிக்க?"

ஃபால்ஸ் மூட்டையைப் பிரித்துக்கொண்டே நான் சொன்னேன். "நம்ம தமிழ்ல இல்லியா? எடுன்னு ஒரு வார்த்த கீது. துணி எடுக்கிறோம், போட்டோ எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம். பசி எடுக்குது. புள்ள வாந்தி எடுக்குது. அந்த வூட்ல பொண்ணு எடுத்துக்கிறாங்கோன்னு சொல்றோம். இதெல்லாம் நீ இன்னா புக்கு பாத்தா படிச்சே? பேசிப் பேசி வந்துச்சு. இதுவும் அப்டிதான் அண்ணாச்சி, வாயில போட்டு மெல்லணும்."

"அது தாய்ப்பால்ல வந்ததுவே" என்றார். "இது அப்படியா? ஒரு வார்த்தைக்கு அம்பது அர்த்தம் இருந்தா, நான் ஒண்ண நெனச்சுச் சொல்ல அவ ஒண்ண நெனச்சுக்கிட்டா என்ன செய்ய? மாமனார் மருமவ பேச்சுவே. கொஞ்சம் மாறிப்போனாலும் தப்பாயிரும்."

சேலைக்குத் துணி பார்க்கிற கண்ணோடு அவர் வார்த்தையையும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, சேரவில்லை என்று திருப்பி வைப்பது. துணி என்றால் காத்திருக்கும். மனுஷர்கள் அப்படிக் காத்திருப்பார்களா?

வீட்டில் நடந்ததைப் பேச்சியம்மாள் மதினி எனக்கு அவ்வப்போது சொல்வார். அண்ணாச்சி ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சிம்ரா அறையிலிருந்து வெளியே வந்தால் உடனே பேப்பரை மடித்து எழுந்து உள்ளே போய்விடுவார். அவர்கள் ஊர்ப்பக்கத்தில் மருமகள் நடமாடுகிற இடத்தில் மாமனார் காலை நீட்டிக்கொண்டு உட்கார மாட்டார். அது மரியாதை. இந்தூரில் அந்தப் பெண்ணின் அப்பா மகளோடு சீட்டாடுகிற மனுஷர் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவளுக்கு இந்த மரியாதை எப்படிப் புரியும்? வந்த புதிதில் "குட் மார்னிங் அப்பா" என்பாள். இவர் தலையை மட்டும் ஆட்டுவார். "டீ, அப்பா?" என்பாள். அதற்கும் ஒரு தலையாட்டல். அவள் அலுவலகத்திலிருந்து வர நேரமானால் பால்கனியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். அவள் பார்த்ததெல்லாம் மூடின கதவைத்தான்.

மதினி விஷயம் வேறு மாதிரி. அவருக்குத் தமிழைத் தவிர ஒரு எழுத்து தெரியாது, தெரிய வேண்டும் என்றும் நினைத்ததில்லை. "ஏட்டி, அந்தக் கரண்டிய எடு. அது இல்ல, ஓட்டைக் கரண்டி. எங்கன பாக்க, ஒன் மூக்குக்குக் கீழதான் கெடக்கு" என்று முழுத் தமிழில் அதட்டுவார். அவள் இந்தியில் ஏதோ எதிர்த்துச் சொல்வாள். ரெண்டு பேரும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள், பெசன்ட் நகருக்குப் போய் ஊரூர் குப்பத்தில் பேரம் பேசி மீன் வாங்கிக்கொண்டு வருவார்கள். "நான் பேசுதேன், அவளும் பேசுதா. இதுல படிக்க என்ன இருக்கு?" என்று மதினி கேட்டதற்கு அண்ணாச்சி, "ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னாராம்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மதியம் சிம்ரா தனியாகக் கடைக்கு வந்தாள். அவள் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் அம்மாவின் பழைய பட்டுச் சேலை ஒன்றைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அதற்கு ரவிக்கைத் துணி எடுக்க வந்திருந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. மாமனாரை ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்திருப்பாள், பாவம்.

அப்போது கடையில் சௌகார்பேட்டையிலிருந்து ஒரு வடக்கத்திக் குடும்பம் நின்றிருந்தது. அண்ணாச்சி உச்சத்தில் இருந்தார். "பெஹன்ஜி, ஏ கலர் பஹுத் அச்சா, ஆப் பஹனோ, பதி போலேகா வாஹ் வாஹ்!" என்று கையை விரித்துக் காட்டுகிறார். அந்த அம்மாளும் மகள்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பின்னால் சிம்ரா நிற்கிறாள். நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவு சந்தோஷமாக அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஓகோ, நம் மாமனார் இப்படிப்பட்ட ஆளா என்று முகமெல்லாம் மலர்ந்து போயிருந்தது.

அந்தக் குடும்பம் நகர்ந்ததும் அவள் முன்னால் வந்தாள். "அப்பா!" என்றாள்.

அண்ணாச்சியின் வாய் அப்படியே நின்றுவிட்டது. விரித்த கையை மடக்கிக்கொண்டார். அவள் உற்சாகமாகச் சேலையை எடுத்துப் பிரித்து இங்கிலீஷும் இந்தியுமாக ஏதோ விளக்கினாள். இவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடையில் வேலை பார்க்கிற மதுமதியைக் கூப்பிட்டு, "பாப்பாவுக்கு என்ன வேணும்னு கேளு" என்றார். பிறகு சேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். எத்தனை துண்டு எடுத்து வைத்துப் பார்த்தார் என்று எனக்குக் கணக்கில்லை. உள்ளே போனார், வந்தார், ஏணி போட்டு மேல் அலமாரியைக் கலைத்தார். கடைசியில் அச்சு அசலாக அந்தக் கரையின் நிறத்தையே கண்டுபிடித்து எடுத்து, மடித்து, புதுப் பையில் போட்டு, ரெண்டு கையாலும் நீட்டினார். அதுவரை ஒரு வார்த்தை அவள் பக்கம் பேசவில்லை.

அவள் பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு சந்தைக் கடந்து என் கடைக்கு வந்தாள். ஃபால்ஸ் கேட்டாள். நான் எடுத்துக் கொடுக்கும்போது, அண்ணன் என்று அவள் பாஷையில் கூப்பிட்டு, "பையா, ஹி டாக்ஸ் டு எவ்ரிபடி லைக் தட்?" என்று கேட்டாள்.

என்னிடம் இருந்த இங்கிலீஷையெல்லாம் வாரிப் போட்டேன். "மேடம், அண்ணாச்சி குட் மேன். வெரி குட் மேன். ஹி லேர்னிங் இங்கிலீஷ். ஃபார் யூ ஒன்லி. ஃபுல் லேர்னிங், தென் டாக்கிங். லைப்ரரி, டெய்லி!"

நான் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. எப்படி நம்புவாள்? "ஹி வாஸ் டாக்கிங் ஜஸ்ட் நௌ" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள்.

நான் ஷட்டரைக்கூட இறக்காமல் எதிரே ஓடினேன். "யோவ் அண்ணாச்சி, இன்னா மனுஷன்யா நீ? ஊர்ல கீற எல்லாரோடவும் பல்ல காட்டிப் பேசுற. அந்தப் பொண்ணு வந்து நின்னா வாயில கொழுக்கட்டையா? அது மூஞ்சிய பாத்தியா? ஓடு, பனகல் பார்க்காண்ட தான் போய்க்கினு இருக்கும். ஓடிப் போய்ப் பேசு."

"என்னன்னுவே பேச?" என்றார். "எல்லாம் மனசுல இருக்கு. இங்கிலீஷ்ல அடுக்கிப் பாக்கதுக்குள்ள அவ போயிட்டா. இன்னும் கொஞ்சம் படிச்சிட்டன்னா..."

அன்றைக்கு அவரை அடித்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றும்.

அதற்குப் பிறகு அவள் குட் மார்னிங் சொல்வதை நிறுத்திவிட்டாள். சண்டை கிண்டை எதுவும் இல்லை. டீ கொண்டுவந்து மேசையில் வைப்பாள், போய்விடுவாள். ஹரியிடம் கேட்டிருப்பாள் போலிருக்கிறது. அந்தப் புண்ணியவான், "அப்பா அப்படித்தான், விடு" என்று வழக்கம்போலக் கால் மீட்டரில் முடித்திருப்பான். அடுத்த வருஷம் ரெண்டு பேருக்கும் மெல்போர்னில் வேலை கிடைத்தது. சிம்ராதான் முதலில் விண்ணப்பம் போட்டது என்று மதினி சொன்னார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அண்ணாச்சி தினமும் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். ஏர்போர்ட்டில் வைத்துச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தார். யாரோ அவருக்கு வீ வில் மிஸ் யூ என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். அகராதியைப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போயிருந்தார். "பஸ்ஸ விட்டாலும் மிஸ்ஸு. குறி தப்பினாலும் மிஸ்ஸு. கல்யாணம் ஆகாத பிள்ளையும் மிஸ்ஸு. ஒருத்தர நெனச்சு ஏங்குறதுக்கும் அதே வார்த்தையா? வேற நல்ல வார்த்த இருக்குமேவே."

"அதான் கரெக்ட்டு அண்ணாச்சி. மூணாவது படிக்கிற புள்ளகூட சொல்லும். கண்ண மூடிக்கினு சொல்லிடு."

"சொல்லிருதேன்" என்றார்.

ஏர்போர்ட்டுக்கு அவர்களோடு வேனில் நானும் போயிருந்தேன். உள்ளே போகிற வாசலில் மதினி அவளைக் கட்டிக்கொண்டு, "ஏட்டி, வேளைக்குச் சாப்பிடு, எலும்பா வந்து நிக்காத" என்று அழுதார். அவளும் தேம்பித் தேம்பி அழுதாள். "அம்மா, அழு வேண்டா, நான் வரு" என்றாள். தமிழில் அவள் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு அண்ணாச்சியின் முன்னால் வந்து குனிந்து காலைத் தொட்டாள். இவர் அவள் தலையில் கை வைத்தார். உதடு அசைந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன், சொல்லு, சொல்லு, சொல்லித் தொலை என்று. அவள் நிமிர்ந்து, ஒரு நிமிஷம் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். இவர் மகன் பக்கம் திரும்பி, "பாஸ்போர்ட்டெல்லாம் பத்திரம்டே" என்றார்.

அவ்வளவுதான். அவர்கள் போய்விட்டார்கள்.

போனபிறகும் அண்ணாச்சி படிப்பை விடவில்லை. இன்னும் வெறியாகப் படித்தார். இப்போது இங்கிலீஷ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறார். கடைக்கு வருகிற கல்லூரிப் பெண்களிடம் நிறுத்தி நிதானமாக, இலக்கணம் பிசகாமல் பேசுகிறார். அவர்கள் மரியாதையாக "யெஸ் சார்" என்கிறார்கள். முன்பு மாதிரி சிரிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி வழக்கம்போல மெல்போர்னுக்கு வீடியோ கால் போட்டிருக்கிறார். எப்போதும் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கிற மனுஷர், அன்றைக்கு மதினி கையிலிருந்து போனை வாங்கி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "குட் ஆஃப்டர்நூன், சிம்ரா. ஐ ஹோப் யூ ஆர் போத் கீப்பிங் வெல். வீ மிஸ் யூ வெரி மச் அட் ஹோம்" என்று சொல்லிவிட்டார். அங்கே அப்போது மதியம் என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

அன்று நான் கடை திறந்து வெகு நேரம் கழித்துத்தான் அவர் வந்தார். என் கடையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் நடந்ததைக் கேட்டுத் துள்ளிக் குதித்தேன். "சொல்லிட்டியா! சூப்பர் அண்ணாச்சி! அது இன்னா சொல்லிச்சு?"

"தேங்க் யூ, வீ ஆர் போத் வெரி வெல், ஹோப் யூ ஆர் டேக்கிங் கேர் ஆஃப் யுவர் ஹெல்த்ன்னு சொன்னா" என்றார். "அப்பான்னு சொல்லல. பேங்க்ல, ஆஸ்பத்திரியில பேசுவாகல்லா, அது மாதிரி. ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம், இஸ் அம்மா தேர்னு கேட்டா. போன குடுத்துட்டேன்."

"செரி, அப்பறம்?"

"அப்புறம் பேச்சிகிட்ட அரை மணி நேரம் பேசினா. தமிழ்லவே. அம்மா, ரசம் போட்டாச்சு, உப்பு மறந்தாச்சு, ஹரி மூஞ்சி இப்பிடி ஆச்சு அப்படின்னு ஒரே சிரிப்பு. அத்தனையும் தப்பு. வாய்க்கு வந்தத கொட்டுதா. இவளும் சிரிக்கா. நான் அடுப்படி வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்." என் மேசையில் கிடந்த பட்டன் அட்டை ஒன்றை எடுத்துப் புரட்டினார். "பேச்சிகிட்ட அத்தனையும் தப்பாப் பேசுதா. எங்கிட்ட ஒரு தப்புகூட இல்லவே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அட போ அண்ணாச்சி, அதுக்குத்தான் இப்போ தமிழ் வருதே. இங்கிலீஷ தூக்கிக் கடாசிட்டு நீயும் தமிழ்ல பேசேன்" என்றேன்.

"பேசாம இருப்பனா? பேச்சி போன வைக்கப் போகையில வாங்கிக் கேட்டேன்வே, சாப்பிட்டியாம்மான்னு."

"இன்னா சொல்லிச்சு?"

அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிரே மூடிக் கிடந்த தன் கடையைப் பார்த்தபடி சொன்னார்.

"அதுக்கும் இங்கிலீஷ்லதான் பதில் சொன்னா."